பாடையில் போன பெருமாள்

2019-ல் அத்திவரதரைப் பார்க்க நாடே காஞ்சிபுரத்துக்குத் திரண்டது. 48 நாள் தரிசனம் கொடுத்துவிட்டு அவர் அனந்தசரஸ் குளத்துக்குள் திரும்பிப் போனார். அதிலிருந்து நாற்பது வருஷம் கழித்துத்தான் மறுபடி வெளியே வருவார். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதல்ல. அதே வரதராஜப் பெருமாள் கோயிலில் தினமும் கண்ணில் படுகிற, அதனாலேயே யாரும் வரலாறு கேட்காத உற்சவரைப் பற்றியது. வைகாசி கருடசேவையில் தோளில் ஏறி வீதிக்கு வருகிறவர் அவர்தான். திருமுகத்தில் சின்னச் சின்ன வடுக்கள் இருக்கும். பிரம்மா செய்த யாகத்தின் தீ பட்ட தழும்புகள் என்பது தலபுராணம். புராணத்தில் வராத இன்னொரு காயமும் இவருக்கு உண்டு. 22 வருஷம் ஊரைவிட்டுப் போயிருந்தார்.

1686-ல் பிஜப்பூர், 1687-ல் கோல்கொண்டா என்று ஔரங்கசீப் வரிசையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். கோல்கொண்டா விழுந்ததும் அதன் கையிலிருந்த காஞ்சிபுரம் வட்டாரம் யாருக்கு என்பதே கேள்வியாகிவிட்டது. வடக்கிலிருந்து முகலாயப் படை இறங்கியது. தெற்கே செஞ்சியில் இருந்த மராட்டியர்களும் சும்மா இருக்கவில்லை. 1688 தொடக்கத்தில் அவர்களுடைய ஆட்கள் காஞ்சிபுரத்தைச் சூறையாடிய செய்தி சென்னைக் கோட்டைக் கும்பினியாரின் குறிப்புகளில் இருக்கிறது. ஆகவே இதை ஒரு மதத்துக்கும் இன்னொரு மதத்துக்கும் நடந்த சண்டையாகச் சொல்லி முடித்துவிட முடியாது. ஊர்க்காரனுக்கு இரண்டு பக்கமும் படைதான்.

அந்த 1688-ல்தான் கோயிலார் உற்சவரையும் நாச்சிமார்களையும் வெளியே கொண்டுபோக முடிவெடுத்தார்கள். பல்லக்கில் வைத்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மூட்டையாகக் கட்டினால் காவலன் அவிழ்த்துப் பார்ப்பான். எனவே பிணம்போலத் துணி சுற்றி, பாடையில் கிடத்தி, சுடுகாட்டுக்குப் போகிறவர்கள்போல ஊர் எல்லையைத் தாண்டினார்கள் என்கிறது மரபு.

இந்த யோசனை எவ்வளவு துணிச்சலானது என்பதை வைணவக் கோயிலின் நடைமுறை தெரிந்தவர்கள்தான் முழுசாக உணர முடியும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அர்ச்சகர் சன்னதிப் பக்கமே வர மாட்டார். தெருவில் பிணம் கிடந்தால், எடுக்கும்வரை பெருமாளுக்குப் புறப்பாடு கிடையாது. அவ்வளவு தீட்டுப் பார்க்கிற இடத்தில் பெருமாளையே பிணமாக்க வேண்டுமென்றால், முதல் ஆளாக அதைச் சொன்னவருக்கு என்ன மனம் இருந்திருக்கும்! ஆனால் கணக்கு சரியான கணக்கு. அடுத்தவன் வீட்டுப் பிணத்தை யாரும் தொட்டுத் திறக்க மாட்டார்கள். காலகாலமாகக் கடவுளைக் காத்துவந்த தீட்டு, அன்றைக்கு வேறு விதமாகக் காத்தது.

போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம் காடு. இன்றைய அரியலூர் மாவட்டம். சாலையில் போனால் 200 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு. நேர்வழியில் செஞ்சி. அதைச் சுற்றித்தான் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். எத்தனை நாள் ஆயிற்று, எங்கெங்கே இறக்கினார்கள், யார் யார் சுமந்தார்கள் என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை. ஒளித்து வைக்கிறவன் கல்வெட்டு வெட்ட மாட்டான்.

உடையார்பாளையத்தைத் தேர்ந்ததற்குக் காடு மட்டும் காரணமாக இருக்காது. அந்தப் பாளையக்காரர்கள் காஞ்சியைத் தங்கள் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். பெயருக்கு முன்னால் 'கச்சி' என்று போட்டுக்கொள்கிற வம்சம். காஞ்சிப் பெருமாளுக்கு அங்கே இடம் இல்லை என்று யார் சொல்வார்கள்?

அதற்குள் வடக்கே நிலைமை மோசமாகியிருந்தது. 1690-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டை விழ 1698 ஆயிற்று. அந்த எட்டு வருஷமும் வந்தவாசி, காஞ்சிபுரம் சீமையெல்லாம் படைகளின் தீவனக் களம். 1707-ல் ஔரங்கசீப் இறந்தார். பயம் தணிந்தது. பெருமாள் மட்டும் திரும்பவில்லை. பாளையக்காரர் கொடுக்க மறுத்துவிட்டார். இருபது வருஷம் பூஜை செய்து பழகிய தெய்வம், அனுப்ப மனம் வரவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எதிரி கடைசிவரை பெருமாளைத் தொடவில்லை. வழிமறித்தவர் காப்பாற்றியவர்! அவரைத் திட்டவும் மனம் வரவில்லை; நியாயம் அவர் பக்கம் என்றும் சொல்ல முடியவில்லை.

மீட்டவர் யார் என்பது அதைவிட விசித்திரம். ஆத்தான் ஜீயர் என்ற வைணவத் துறவி தம் சீடர் ஒருவரிடம் முறையிட்டார். அந்தச் சீடர் லாலா தோடர்மால், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானிடம் பணியாற்றிய தளபதி. (அக்பரின் அமைச்சர் தோடர்மால் வேறு ஆள், நூறு வருஷத்துக்கு முந்தியவர்.) எந்த அரசின் படைக்குப் பயந்து பெருமாள் ஊரைவிட்டுப் போனாரோ, அதே அரசின் பெயரால் ஆர்க்காட்டை ஆண்டவரின் தளபதி படையோடு போய்ப் பாளையக்காரரை மிரட்டி அவரை அழைத்துவந்தார். 1710-ல் வரதர் மறுபடி கோயிலுக்குள் எழுந்தருளினார். இந்த விவரமெல்லாம் தாயார் சன்னதிக்கு முன்னால் உள்ள கல்வெட்டில் இருக்கிறது. தோடர்மால் தாயோடும் மனைவியோடும் நிற்கும் சிலைகளைத் திருமலைக்குப் போகிறவர்கள் கோயிலுக்குள் பார்க்கலாம்.

அந்நியப் படைக்கு எதிர்ப்பு என்றால் துப்பாக்கியும் வெடிவைத்த பாலமும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் நாஜிகளை எதிர்த்தவர்களைப் பற்றி வந்த படங்களும் அப்படியே பழக்கிவிட்டன. ஒளித்து வைப்பதும் அங்கே பெரிய எதிர்ப்பாக இருந்தது. போலந்து ஓவியர் யான் மதேய்கோ 1878-ல் முடித்த 'கிருன்வால்டுப் போர்' என்ற ஓவியம் கிட்டத்தட்ட பத்து மீட்டர் நீளம். 1410-ல் ஜெர்மானிய வீரத்துறவியர் படை தோற்ற போரைக் காட்டுவது. ஹிட்லரின் ஆட்களுக்கு அதை அழித்தாக வேண்டும். 1939-ல் அது லுப்லினுக்குப் போய், பிறகு மண்ணுக்கடியில் மறைந்தது. துப்புச் சொன்னால் ஒரு கோடி மார்க் என்று அறிவித்தும் பலிக்கவில்லை. 1944-ல் தோண்டி எடுத்தார்கள்.

காஞ்சியிலும் துப்புச் சொல்லியிருக்கலாம். அர்ச்சகர், பெருமாளைத் தோளில் சுமக்கும் சீபாதந்தாங்கிகள், வழியில் சோறு போட்டவர்கள் என்று ரகசியம் எத்தனையோ பேர் வாய்க்குள் இருந்திருக்கும். 22 வருஷம் அது கசியவில்லை. ஜீயர் பெயரும் தளபதி பெயரும் நிலைத்தன. சுமந்தவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. என்னைக் கேட்டால், படையோடு போய் மிரட்டியதைவிடப் பாடை தூக்கியதுதான் பெரிய காரியம்.

பங்குனியில் காஞ்சிக் கோயிலில் 'உடையார்பாளையம் உற்சவம்' இன்றும் நடக்கிறது. பட்டு எடுக்க வருகிறவர்கள் நாள் விசாரித்துக்கொண்டு வரலாம்; கருடசேவைபோல நெரிசல் இருக்காது.

அந்தக் கலவரக் காலத்தில் காஞ்சியிலிருந்து புறப்பட்ட இன்னொரு விக்கிரகம், தங்கத்தாலான பங்காரு காமாட்சி. அவளும் உடையார்பாளையத்தில் தங்கினாள் என்கிறார்கள். பிறகு ஊர் ஊராகப் போய்த் திருவாரூரில் இருந்தபோது, அவளுடைய அர்ச்சகர் வீட்டில் 1762-ல் பிறந்தவர்தான் சங்கீத மேதை சியாமா சாஸ்திரி. ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் அவள் தஞ்சாவூருக்கு வந்தாள். துளஜா மன்னர் மேலராஜ வீதியில் கோயில் கட்டிக் கொடுத்தார். அவளைத் திரும்ப அழைத்துவர எந்தத் தளபதியும் போகவில்லை. காஞ்சியின் தங்கக் காமாட்சியைக் கும்பிட வேண்டுமென்றால் இன்றைக்கும் தஞ்சாவூருக்குத்தான் போக வேண்டும்.