இடிப்பதற்கு ஒரு டொலர்

1989இல் வெளியான சிம்சிற்றி விளையாட்டில் வீதி போட ஒரு கட்டத்துக்கு 10 டொலர். தண்டவாளத்துக்கு 20. மின்கம்பிக்கு 5. இருக்கிற ஒன்றை இடித்துத் தள்ள 1 டொலர். நகரம் கட்டும் கணினி விளையாட்டுகளின் வரலாற்றை இந்த விலைப்பட்டியலிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அதில் எல்லாவற்றிலும் மலிவானது இடிப்பதுதான்.

இந்த விளையாட்டுகளை நான் வருடக்கணக்காக ஆடிவருகிறேன். வெறும் நிலத்தில் புது நகரம் எழுப்புவதைவிட, வளர்ந்து சிக்கிப்போன நகரத்தின் வீதிகளையும் ரயில் பாதைகளையும் பிரித்துத் திரும்பப் போடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஏன் அது இவ்வளவு இலகுவாக இருக்கிறது என்ற கேள்விதான் என்னை வரலாற்றுப் பக்கம் திருப்பியது.

வில் றைட் 1984இல் செய்த முதல் விளையாட்டு, ஹெலிகொப்ரரில் பறந்து தீவுகளின்மேல் குண்டு போடுவது. அந்தத் தீவுகளை வரைவதற்கு அவர் ஒரு கருவி செய்துவைத்திருந்தார். குண்டு போடுவதைவிட, அந்தக் கருவியால் வீதிகளும் கட்டடங்களும் வரைவது அவருக்குச் சுவையாக இருந்தது. சிம்சிற்றி அங்கிருந்துதான் பிறந்தது.

வரைந்த நகரம் தானாக வளரவும் தேயவும் ஒரு கணக்கு வேண்டும். றைட் அதற்காகப் படித்தவற்றில் ஒன்று, எம்.ஐ.ரி. பேராசிரியர் ஜே ஃபொரெஸ்ரர் 1969இல் வெளியிட்ட 'அர்பன் டைனமிக்ஸ்' என்ற நூல். ஃபொரெஸ்ரர் அடிப்படையில் மின்பொறியியலாளர். பொஸ்ரனின் முன்னாள் மேயர் ஜோன் கொலின்ஸுடன் பேசிப் பேசி, ஒரு நகரத்தை வீடு, தொழில், உழைப்பாளர் என்ற மூன்று வகை எண்களுக்குள் அவர் அடக்கினார். கணினி தந்த விடைகள் பலரைக் கோபப்படுத்தின. வறியவர்களுக்கு மலிவு வீடு கட்டினால் நகரம் தேயும், பழைய குடியிருப்புகளை இடித்துத் தொழிலுக்கு இடம் விட்டால் தேறும் என்றது அந்தக் கணக்கு. இடிபட்ட வீட்டில் இருந்தவர் நகர எல்லையைத் தாண்டியதும் கணக்கிலிருந்தே போய்விடுவார். அவர் போன இடத்துக்கு அந்தக் கணக்கில் பெயரில்லை.

றைட் இந்த முடிவுகளை அப்படியே விளையாட்டில் வைத்துவிடவில்லை. ஆனால் மேலே நின்று நகரத்தை எண்களாகப் பார்க்கும் கண் அவரிடம் வந்து சேர்ந்தது. அவரிடமிருந்து அது எங்களுக்கும் வந்தது.

கணக்கில் ஓட்டை இருந்தால் ஆடுகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் சிம்சிற்றியில் ரயிலுக்கு நிலையம் தேவையில்லை. குடியிருப்பின் ஓரத்தில் தண்டவாளம் தொட்டாலே போதும், ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். வீதியில் நெரிசலும் புகையும் உண்டு, தண்டவாளத்தில் இரண்டும் இல்லை. ஆகவே பலர் வீதியே இல்லாத நகரங்களைக் கட்டினார்கள். 1993இல் வந்த சிம்சிற்றி 2000 நிலையங்களையும் சுரங்க ரயிலையும் நெடுஞ்சாலைகளையும் கொண்டுவந்தது. அதன் பிறகு ரயில் ஓட நிலையத்துக்கும் இடம் ஒதுக்கவேண்டியதாயிற்று.

2015இல் பின்லாந்தின் தம்பேரே நகரத்திலிருந்த ஒரு சிறிய குழு சிற்றீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற விளையாட்டைச் செய்தது. அவர்கள் அதற்கு முன் செய்துவந்தவை பொதுப் போக்குவரத்து விளையாட்டுகள். அந்தப் பழக்கம் இதில் தெரியும். இங்கே நெரிசல் வெறும் எண் அல்ல. ஒவ்வொரு வாகனமும் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது, வழியில் மற்றதை மறித்துக்கொண்டு நிற்கிறது. இதில் வீதியைத் திருத்துவதென்றால் அகலமாக்குவது அல்ல. நெடுஞ்சாலை இறங்கும் இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே படிப்படியாகச் சிறுக்கும் தெருக்கள் வேண்டும். சந்திகளைக் குறைக்கவேண்டும், சில இடங்களில் விளக்கை எடுத்துவிட்டுச் சுற்றுவட்டம் போடவேண்டும். ரயிலிலும் இதே கதைதான். சரக்கு வண்டிகள் பாதி வெறுமையாக வரிசை கட்டி வந்து பயணிகள் வண்டியை மறிக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பாதை போட்டால் நகரம் மூச்சுவிடும்.

இவ்வளவு நுணுக்கமான விளையாட்டும் சிலவற்றை மறைக்கிறது. நெடுநேரம் அசையாமல் நிற்கும் கார் சத்தமில்லாமல் மறைந்துபோகும். பேருந்தில் வந்தவர் திரும்பும்போது சட்டைப்பையிலிருந்து எடுத்ததுபோல ஒரு காரை எடுத்து ஓட்டிக்கொண்டு போவார். 2013இல் வந்த சிம்சிற்றியின் தலைமை வடிவமைப்பாளர் ஸ்ரோன் லிப்ராண்ட், உண்மையான அமெரிக்க நகரங்களில் வாகனத் தரிப்பிடம் பிடிக்கும் நிலத்தை அளந்து பார்த்துத் திகைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே வைத்தால் விளையாட்டு சலித்துவிடும் என்று, தரிப்பிடங்களெல்லாம் நிலத்துக்கு அடியில் இருப்பதாக வைத்துக்கொண்டார்களாம். கார் கேட்கும் உண்மையான விலையை விளையாட்டு எங்களிடம் வாங்குவதில்லை.

நான் வாழும் ரொறன்ரோவைத் திரையில் வரைந்து பார்க்கும்போது, இப்படி வாங்காத விலைகள்தான் கண்ணில் படுகின்றன. வடக்கிலிருந்து நகர மையத்துக்கு நெடுஞ்சாலை ஒன்று இழுப்பது எனக்குச் சில நிமிட வேலை. குறுக்கே வரும் வீடுகள் ஒரு கணம் நிறம் மாறும், பிறகு இல்லை. அதே கோட்டை இழுக்கும் திட்டம் உண்மையிலேயே இருந்தது. ஸ்படைனா நெடுஞ்சாலை என்று அதற்குப் பெயர். 1960களில் வடபகுதி வேலை நடந்தது. தெற்கே பள்ளத்தாக்குகளும் நூற்றுக்கணக்கான வீடுகளும் குறுக்கே இருந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் கூட்டம் போட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், விசாரணைகளில் போய்ப் பேசினார்கள். நியூயோர்க்கில் இதேபோன்ற நெடுஞ்சாலை ஒன்றை எதிர்த்துவிட்டு 1968இல் ரொறன்ரோவுக்கு வந்திருந்த ஜேன் ஜேக்கப்ஸும் அவர்களோடு சேர்ந்தார். 1971 ஜூனில் ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸ் திட்டத்தைக் கைவிட்டார். போக்குவரத்து அமைப்பு காருக்காகவா மனிதருக்காகவா என்ற கேள்வியை வைத்தே தன் முடிவை அவர் விளக்கினார்.

அலன் வீதி எக்லிங்ரனில் வந்து சட்டென்று முடிந்துபோவதற்குக் காரணம் இதுதான். அந்த முனையில் காரோடு காத்துக் கிடக்காத ரொறன்ரோக்காரர் குறைவு. விளையாட்டுக்காரனின் கண்ணுக்கு அது முடிக்காமல் விட்ட வேலை. ஆனால் அதே வீதியின் நடுவே யோர்க்டேல், லோறன்ஸ் வெஸ்ற், கிளென்கேர்ன் நிலையங்களோடு 1978இலிருந்து ரயில் ஓடுகிறது, அது நகர மையம் வரை போகிறது. கார் நின்ற இடத்தைத் தாண்டி ரயில் போனது, வீடுகளும் மிஞ்சின. ஸ்கைலைன்ஸில் இப்படி ஒன்று நடக்கவே முடியாது. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவரும் அந்த நகரத்தில் இல்லை.

விளையாட்டில் இல்லாத இன்னொன்று காலம். எங்கள் ஆட்கள் நிறைந்திருக்கும் ஸ்காபரோவில், கெனடியிலிருந்து மக்கவன் வரை 1985இல் ஒரு சிறு ரயில் பாதை திறந்தார்கள். அது கிழண்டிப்போகும் என்பது வெகுகாலமாகவே தெரியும். பதிலுக்கு என்ன போடுவது என்பதில்தான் இழுபறி. ஒரு கட்டத்தில் இலகு ரயில் என்றார்கள். 2013இல் நகரசபை சுரங்க ரயில் என்றது. 2016இல் அது ஒரே ஒரு நிலையமாகச் சுருங்கியது. 2019இல் மாகாண அரசு மூன்று நிலையங்கள் என்றது. 2023 ஜூலை 24இல், எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகில் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. சிலர் காயப்பட்டார்கள். பாதை அத்தோடு மூடப்பட்டது, திரும்பத் திறக்கவில்லை. சுரங்கம் தோண்டி முடியும்வரை பேருந்துதான்.

இதே பாதையைத் திரையில் நான் பலவிதமாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஏழு நிலையங்களோடு, மூன்றோடு, ஒன்றோடு. ஒவ்வொரு முறையும் முதலில் செய்வது, நேரத்தை நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்துவது. நிறுத்திவைத்தபடி இடிக்கலாம், தோண்டலாம், தண்டவாளம் போடலாம். திரும்ப ஓடவிடும்போது புது நிலையம் தயாராக நிற்கும், ஒருவரும் ஒரு நிமிடமும் காத்திருந்திருக்க மாட்டார்.

ஃபொரெஸ்ரரின் கணக்கு வீடு இழந்தவரை எல்லைக்கு வெளியே விட்டது. எங்கள் விளையாட்டுகள் காத்திருப்பவரையும் வெளியே விடுகின்றன. வீடு இழந்து எல்லை தாண்டி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று இந்த விளையாட்டை மிக நன்றாக ஆடுகிறார்கள். எந்தச் சந்தியில் எது அடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை நகரசபையின் பொதுக்கூட்டத்தில் வரைபடத்தை விரித்து வைக்கும்போது, அந்த அறிவோடு அவர்கள் போய் இருக்கவேண்டும். எங்கே கோடு போடுவது என்று சொல்வதற்கு முன், அந்தக் கோட்டின்மேல் யார் இருக்கிறார்கள், வேலை முடியும்வரை அவர்கள் எதில் போவார்கள் என்று கேட்கவேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் எந்த விளையாட்டும் அவர்களுக்குச் சொல்லித் தராது.