பெர்க்லியில் கூடிய ஆறு மாநாடுகள்

மின்னணுவியல் படித்த நம்மவர்களுக்கு ‘பி.ஆர்.பி.’ என்றால் விளக்கம் தேவையில்லை. ப்ராபபிலிட்டி அண்ட் ரேண்டம் ப்ராசஸஸ்! எத்தனையோ பேருக்கு அரியர் வைத்துக்கொடுத்த புண்ணியம் அந்தப் பேப்பருக்கு உண்டு. அதில் வரும் சூத்திரங்களை மனப்பாடம் பண்ணினோமே தவிர, அவையெல்லாம் எந்த ஊரில், யார் கூடிப் பேசி வளர்ந்தவை என்று நாம் கேட்டதில்லை. வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. அப்படித் தேடியதில் கிடைத்த ஒரு சரித்திரத்தை நம் மலரில் பகிர்ந்துகொள்கிறேன்.

ஜெர்ஸி நெய்மன் 1894-ல் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த போலந்துக்காரர். தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் நண்பர்கள் தினமும் போடுகிற ‘கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்’ இவர் தந்ததுதான். 1938-ல் அமெரிக்காவின் பெர்க்லிக்கு வந்தபோது அங்கே புள்ளியியலுக்கென்று தனித்துறை கிடையாது. கணிதத் துறைக்குள் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார். பிறகு யுத்தம் வந்தது. கணித மூளைகளெல்லாம் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடப் போய்விட்டன. நெய்மனும் அந்த வேலை பார்த்தவர்தான். யுத்தம் முடியப்போகிறது, மறுபடி ஆராய்ச்சிக்குத் திரும்பவேண்டும் என்று ஒரு மாநாட்டைக் கூட்டினார். தேதி: 1945 ஆகஸ்ட் 13 முதல் 18 வரை.

தேதியைக் கவனியுங்கள். இரண்டாம் நாள்தான், ஆகஸ்ட் 14-ல், ஜப்பான் சரணடைந்த செய்தி அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் ஜனவெள்ளம். இந்தப் பக்கம் நிகழ்தகவு மாநாடு! 1946 ஜனவரியில் இன்னும் மூன்று நாள் கூடிப் பேசினார்கள். கட்டுரைத் தொகுதி அச்சாகி வர 1949 ஆகிவிட்டது. அதன் அட்டையில் ‘முதலாவது’ என்ற சொல் இல்லை.

ஆனால் 1950-ல் மறுபடி கூட்டினார். அதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை என்று வழக்கமாகிவிட்டது. இப்போதெல்லாம் மாநாடு என்றால் இருபது நிமிஷ ‘ஸ்லைடு’, அப்புறம் மதியச் சாப்பாடு, ஒரு சான்றிதழ். நெய்மன் நடத்தியது வேறு ரகம். 1960-ல் நடந்த நான்காவது மாநாடு ஜூன் 20-ல் தொடங்கி ஜூலை 30 வரை, கிட்டத்தட்ட ஆறு வாரம்! வந்தவர் தங்கி, விவாதித்து, நீளமான கட்டுரையாக எழுதித் தரலாம். நிகழ்தகவுக்காரரோடு வானியல்காரரையும் டாக்டரையும் உட்காரவைத்தார். ஐந்தாவது மாநாட்டுத் தொகுதிகளில் ஒன்று முழுக்க முழுக்க செயற்கை மழை போன்ற வானிலை மாற்றங்களைப் பற்றியது. பணத்துக்குப் பல்கலைக்கழகம் மட்டும் போதவில்லை. அறிவியல் நிதி நிறுவனம், கடற்படை, ராணுவம் என்று பல கதவுகளைத் தட்டியிருக்கிறார்கள். நம் ரீயூனியனுக்கு விளம்பரம் பிடித்த கமிட்டி நண்பர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்கவேண்டாம். 1949-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களிடம் ‘நான் கம்யூனிஸ்ட் இல்லை’ என்று விசுவாசப் பிரமாணம் கேட்டது. கையெழுத்துப் போடாத 31 பேரை நீக்க 1950 ஆகஸ்டில், அதாவது இரண்டாம் மாநாடு முடிந்த அதே மாதம், நிர்வாகக் குழு முடிவெடுத்தது. இளம் புள்ளியியலாளர் சார்லஸ் ஸ்டைன் கையெழுத்துப் போட மறுத்து, பெர்க்லியை விட்டுப் போனவர். பிற்பாடு ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார்.

அந்த ஸ்டைனின் கட்டுரைதான் 1954-55-ல் நடந்த மூன்றாம் மாநாட்டின் தொகுதியில் வந்து எல்லாரையும் திகைக்கவைத்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒரே சமயத்தில் மதிப்பிடும்போது, தனித்தனியே சராசரி எடுப்பதைவிட மொத்தப் பிழை குறைவாக வரும் வழி உண்டு என்று நிரூபித்தார். அந்த மூன்றுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாவிட்டாலும்! நம்பவே முடியாது, கணக்கு மட்டும் சரியாக வரும். ஜேம்ஸ் என்பவரோடு சேர்ந்து அதற்கான சூத்திரத்தை வெளியிட்டதும் நான்காவது மாநாட்டில்தான். ஊர் இழந்த மனுஷரை மாநாடு இழக்கவில்லை. இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அந்த மாநாட்டின்மேல் மதிப்பு அதிகம்.

‘ஆப்டிமைசேஷன்’ படித்தவர்கள் கூன்-டக்கர் நிபந்தனைகளை மறந்திருக்கமாட்டீர்கள். அது இரண்டாம் மாநாட்டுக் கட்டுரை. (காருஷ் என்பவர் 1939-லேயே எம்.எஸ். ஆய்வேட்டில் எழுதிவைத்திருந்தார், பாவம், யாரும் பார்க்கவில்லை.) செல்போன் கோபுரங்களின் டேட்டாவைக் குழு குழுவாகப் பிரிக்க நான் ஆபீசில் ஓட்டுகிற ‘கே-மீன்ஸ்’ என்ற பெயர், ஐந்தாம் மாநாட்டில் மெக்வீன் வைத்தது.

நம்மவர்கள் பங்கும் உண்டு. சி.ஆர்.ராவ் கட்டுரை நான்காவது மாநாட்டுத் தொகுதியில் இருக்கிறது. 1972-ல் வெளிவந்த ஆறாவதில், சென்னை மாநிலக் கல்லூரியில் 1959-ல் பட்டம் பெற்ற எஸ்.ஆர்.எஸ்.வரதன், ஸ்ட்ரூக்கோடு சேர்ந்து எழுதியது வந்திருக்கிறது. இரைச்சலால் அலைக்கழிக்கப்படும் ஒரு அமைப்பு எந்தெந்தப் பாதைகளிலெல்லாம் போக வாய்ப்புண்டு? இரைச்சலுக்குப் பதில் சாதாரண உள்ளீட்டைக் கொடுத்துக் கிடைக்கும் பாதைகளைப் பார், அவற்றையும் அவற்றின் எல்லைகளையும் சேர்த்தால் விடை வந்துவிடும் என்றார்கள். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவருக்கு இது தேன். வரதனுக்கு 2007-ல் ஏபல் பரிசு கிடைத்தது.

ஆறாவதோடு சரி, ஏழாவது நடக்கவில்லை. முதல் மாநாட்டுக்கு ஒரு தொகுதி போதுமாயிருந்தது, ஆறாவதுக்கு ஆறு. அதன் பதிப்பாசிரியர்கள் நெய்மன், லெ காம், எலிசபெத் ஸ்காட் மூவரும்தான். துறையே ஒரு ஊருக்குள் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. 1971-ல் ராசெஸ்டர் நகரில் ரேண்டம் ப்ராசஸுக்கென்றே தனி மாநாட்டு வரிசை தொடங்கி, ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. நெய்மன் 1981-ல் காலமானார்.

ஆறு மாநாட்டுத் தொகுதிகளும் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. தம்பி தங்கைகளே, எடுத்தவுடன் வரதனிடம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐந்தாவது மாநாடு, முதல் தொகுதி, 281-ஆம் பக்கம்: மெக்வீன். மொத்தம் 17 பக்கம்தான், பி.ஆர்.பி. பாஸ் பண்ணியவர் பொறுமையாக உட்கார்ந்தால் பெரும்பகுதி புரிந்துவிடும்.