கெட்டுப்போன இரண்டு வழிகள்

எங்கள் பக்கம் ஒருவரைப் பற்றி ‘கெட்டுப்போயிட்டாங்க’ என்றால் நடத்தை கெட்டது அல்லது சொத்து அழிந்தது என்று பொருள். ஜெசூட் வாலண்டியர் கோர் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கத் தொண்டமைப்பில் ஓராண்டு முடித்தவர்கள் மூன்றாவதாக ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். ‘ஆயுசுக்கும் கெட்டுப்போனோம்’ என்று தங்களையே கேலி செய்துகொள்வார்கள். இனி பழைய சொகுசில் மனம் ஒட்டாதாம். அதைக் கேட்டபோது எனக்குக் கோபிசெட்டிபாளையம் ஜி.எஸ். லட்சுமண ஐயர் (1917–2011) ஞாபகம் வந்தது.

அந்த அமைப்பின் தொடக்கம் 1956, அலாஸ்கா. காப்பர் வேலியில் சேசு சபையார் (ஜெசூட்கள்) நடத்திய பள்ளிக்குக் கைகொடுக்க இளைஞர்கள் போனார்கள். இன்று கல்லூரி முடித்தவர்கள் ஏழைகளுக்கான சட்ட உதவி அலுவலகம், வீடற்றோர் விடுதி, பள்ளிக்கூடம் என்று ஓராண்டு வேலை செய்கிறார்கள். கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். நாலைந்து பேருக்கு ஒரே வீடு. கூட்டு வாழ்வு, எளிமை, ஆன்மிகம், சமூக நீதி என நான்கு நெறிகள். ஆளை மாற்றுவது வேலையைவிட அந்த வீட்டின் சமையலறைதான் என்பது என் கணிப்பு. வாடகை கட்டாமல் வெளியேற்றப்பட்டவருக்காகப் பகலெல்லாம் மனு எழுதியவர், ராத்திரி பொதுப்பணத்தில் எந்த அரிசி வாங்குவதென்று மற்றவர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். மனுவில் எழுதிய வறுமை தட்டுக்கு வந்துவிடுகிறது.

சேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே 1973இல் வாலென்சியாவில் தங்கள் பள்ளிகளின் பழைய மாணவர்கள் முன்னால் நின்று, உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். வகுப்பறையில் அது வராது என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

கோபியிலும் விஷயம் வீட்டுக்குள்தான் தொடங்கியது. 1930களில், காந்தியின் தீண்டாமை ஒழிப்பு இயக்கம் சூடுபிடித்த காலத்தில், லட்சுமண ஐயரின் குடும்பம் தலித் மக்களை வீட்டுக்குள் அழைத்தது. சொந்தச் சாதியார் ஒதுக்கிவைத்தார்கள். வளரும் வயதுப் பையனுக்கு உறவுக்காரர்களின் கதவடைப்பு எவ்வளவு பெரிய அடி என்பது கொங்குக் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். கல்யாணம், கருமாதி எதற்கும் ஆள் வராது. அவர் பின்வாங்கவில்லை. சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனார். தலித் மாணவர்களுக்கு விடுதி நடத்தினார். பெரும் சொத்து இதிலேயே கரைந்தது. ஊர் வழக்கப்படி அவரும் கெட்டுப்போனவர்தான், ஆனால் இதில் கேலிக்கு இடமில்லை.

வேறுபாடு காலத்தின் நீளத்தில் மட்டும் இல்லை. அமெரிக்கத் தொண்டருக்கு வருடம் முடிந்ததும் திரும்பிப் போக ஒரு வீடும் ஒரு வேலைச்சந்தையும் காத்திருக்கின்றன. திரும்பலாம் என்று தெரிந்தும் திரும்பாதவர்களிடம்தான் அந்த ஓராண்டு வேலை செய்திருக்கிறது. ஐயருக்குத் திரும்பும் கதவை ஊரே சாத்திவிட்டது. சாத்தியவர்களே அவரை உறுதியாக்கினார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

அதற்காக ஓராண்டை இளக்காரமாகப் பேச எனக்கு மனமில்லை. ஐயரைப் போல ஒருவரை எந்த அமைப்பும் தயாரித்துத் தர முடியாது. ஓராண்டை ஆண்டுதோறும் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம். சாதாரண ஆட்களுக்கு எட்டுகிற உயரம் அது. குறை வேறிடத்தில்: அது மனசாட்சியை உருவாக்கிவிட்டு, அதிகாரத்தை என்ன செய்வது என்பதை அவரவரிடம் விட்டுவிடுகிறது.

ஐயர் அதிகாரத்தைத் தேடிப் போனார். கோபி நகராட்சித் தலைவராக இருந்து, எடுப்புக் கக்கூசையும் மனிதர் தலையில் மலம் சுமப்பதையும் ஒழித்தார். நாட்டிலேயே இதுதான் முதல் என்பது ஊரின் பெருமை. மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1993இல்தான் வந்தது. முதல் முறை 1952இல் தலைவரானார். 1986இல் மறுபடி அந்த நாற்காலிக்கு வந்தபோது அவருக்கு வயது 69.