மருண்ட நாயும் ஒரு சிற்றோசையும்



வீதியில் வேறொரு நாயையோ முன்பின் அறியாத மனிதரையோ கண்டவுடன் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்துப் பாயும் நாயைப் ‘பொல்லாத நாய்’ என்று சொல்லிவிடுகிறோம். அச்சீற்றத்துக்கு வேராக இருப்பது பெரும்பாலும் அச்சமே என்பது விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்தோர் கண்ட முடிபு. அவ்வச்சத்தைத் தணிக்க இக்காலத்தார் கையாளும் கருவியோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. அதனை அழுத்தினால் ‘டிக்’ என்று ஓசை எழும். ஓசை எழுந்ததும் நாய்க்கு ஒரு துண்டு இறைச்சி கிடைக்கும். கிளிக்கர் எனப்படும் இக்கருவி எங்கே தோன்றியது, நாயிடம் வந்து சேர ஏன் நெடுங்காலம் சென்றது என்பவற்றை இன்று எடுத்துக்கூற விரும்புகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாயைப் பழக்குதல் என்பது பெரிதும் அடக்கியாளுதலாகவே இருந்தது. ஜேர்மனியிலே பொலிசு நாய்களைப் பழக்கிய கொன்றாட் மோஸ்ற் 1910 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் கட்டாயத்துக்குப் பெரிய இடம் கொடுத்தது. அமெரிக்காவில் 1962 ஆம் ஆண்டில் வில்லியம் கேலர் எழுதிய நூலும், கழுத்துச் சங்கிலியைச் சுண்டியிழுத்துத் திருத்தும் முறையையே பரப்பியது.

ஆயினும் ஆராய்ச்சிக்கூடங்களில் வேறொரு பாதை முன்னரே திறந்திருந்தது. நற்பயன் தரும் செயலை விலங்கு மீண்டும் நாடும் என்பதை 1898 ஆம் ஆண்டிலே தோண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர் கூண்டிலிட்ட பூனைகளைக்கொண்டு விளக்கினார். உணவுக்கு முன்னறிவிப்பாக வரும் ஓசை, உணவைப் போலவே நாயின் வாயில் நீரூறச் செய்யும் என்பதை ருஷ்ய அறிஞர் பாவ்லொவ் காட்டினார். இவற்றின் வழிவந்த ஸ்கின்னர் 1951 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஓர் அறிவியற் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையில், வீட்டு நாய்க்கு வித்தை கற்பிக்க விரும்புவோர் ‘கிறிக்கெற்’ என்னும் விளையாட்டுக் கருவியைப் பயன்படுத்தலாம் என்றார். சில்வண்டின் பெயர் பெற்ற அத்தகரக் கருவி போர்க்களமும் கண்டது. 1944 ஆம் ஆண்டு யூன் மாதம் நோமண்டியில் இறங்கிய அமெரிக்கப் பரசூட் வீரர் சிலர், இருளில் ஒருவரையொருவர் இனங்காண அத்தகைய கருவியையே ஒலித்தனர்.

ஓசை எதற்கு, உணவு மாத்திரம் போதாதா என நேயர்கள் வினவலாம். நாய் நற்செயலைச் செய்த கணத்துக்கும் நாம் பையிலிருந்து உணவை எடுத்து நீட்டும் கணத்துக்கும் இடையில் அது வேறு பல செயல்களைச் செய்துவிடும். எதற்காகப் பரிசு என்பது அதற்கு விளங்காது. ஓசையோ அந்தக் கணத்தையே சுட்டிக்காட்டிவிடும்.

அச்சத்தை நீக்கும் கலை மற்றொரு திசையிலிருந்து வந்தது. 1924 ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளநூலறிஞர், முயலுக்கு அஞ்சிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்துக்கொண்டே, முயலை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அண்மையிற் கொண்டுவந்தார். ஈற்றில் அச்சிறுவன் முயலைத் தடவி விளையாடினான். இத்தகைய படிமுறைச் சிகிச்சையைத் தென்னாபிரிக்க மருத்துவர் ஜோசப் வொல்ப் 1958 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக வகுத்தார்.

இவ்விரு நெறிகளும் நாயிடம் வந்து சேர்வதற்கு வழிகாட்டியது கடல்வாழ் விலங்கு ஒன்றாகும். 1963 ஆம் ஆண்டளவில் ஹவாய்த் தீவுகளிலுள்ள கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையில் கரென் பிறையர் என்பவர் டொல்பின்களைப் பழக்கத் தொடங்கினார். டொல்பினுக்குக் கழுத்துச் சங்கிலி இட முடியாது. அடிக்க முயன்றால் அது நீந்திப் போய்விடும். ஆகவே சீழ்க்கையும் மீனும் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவ்வனுபவத்தின் பயனாக அவர் எழுதிய நூல் 1984 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1990 களில் அவரும் பிறரும் நாய் வளர்ப்போரிடையே கிளிக்கரைப் பரப்பினர். 2007 ஆம் ஆண்டில் லெஸ்லி மக்டெவிற் தமது நூலில், மருளும் நாய்க்கென ஒரு பயிற்சியை விளக்கினார்.

அதன் முறை எளிது. மற்றை நாயைக் கண்டும் குரைக்காமல் நிற்கக்கூடிய தூரத்தில் நம் நாயை நிறுத்துதல் வேண்டும். அது மற்றை நாயை நோக்கிய கணமே ஓசை எழுப்பி உணவளித்தல் வேண்டும். பல முறை செய்தபின், மற்றை நாயைக் கண்டதும் அது தானாகவே நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அதன் பின்னரே தூரத்தைக் குறைக்கலாம். இடையிற் குரைத்துவிட்டால் தண்டிக்கலாகாது. அண்மையில் வந்துவிட்டோம் என்று அறிந்து விலகிச் செல்லல் வேண்டும். தண்டித்தால் அவ்வலிக்கு மற்றை நாயே காரணம் என்று அது கருதக்கூடும். உறுமல் அடங்கலாம், அச்சம் அடங்காது. எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாய் இவ்வாறும் உருவாகின்றது.

ஓசை ஒரு மந்திரமன்று. சில நாய்கள் அவ்வோசைக்கே வெருளும். அவற்றுக்கு மெல்லிய ஒரு சொல் போதும். உடல் நோவினாற் சீறும் நாய்க்கு முதலில் வேண்டப்படுபவர் மிருக வைத்தியர்.

வேல்ஸ் நாடு 2010 ஆம் ஆண்டில் நாய்க்கு மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டியைத் தடைசெய்தது. சீறும் நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் பரிசளித்துப் பழக்கும் முறையே உகந்தது என விலங்கு நடத்தையில் ஈடுபட்ட அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2021 ஆம் ஆண்டில் அறிவித்தது. ஸ்கின்னரின் கட்டுரைக்கும் அவ்வறிவிப்புக்கும் இடையில் எழுபது ஆண்டுகள். அறிவு அச்சேறியிருந்தும் கை மட்டும் சங்கிலியை விடவில்லை. அவ்விடைக்காலத்தில், பொல்லாதவை எனத் தீர்ப்பளிக்கப்பட்டு மாண்ட நாய்களுள் வெறுமனே அஞ்சியவை எத்தனையோ!

பிரம்பை நம்பிய வகுப்பறைகளை அறிந்த ஆசிரியர்களுக்கு இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது. அடங்கியிருப்பவன் கற்றுக்கொண்டான் என்று நாமும் பல காலம் எண்ணியிருந்தோம். அஞ்சும் உயிருக்கு எவ்வளவு தூரம் தேவை என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல், நாய் வளர்ப்போருக்கும் பிள்ளை வளர்ப்போருக்கும் பொதுவான கடமையாகும்.