கணினிக் கல்வியும் நம் பல்கலைக்கழகங்களும்



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிச் சில காலம் கழிந்ததும், நம் நாட்டின் பல்லாயிரம் இல்லங்களில் ஒரே காட்சியைக் காணலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் நடு வீட்டில் விரிந்து கிடக்கும். அதைச் சுற்றித் தந்தையார், தாயார், மாமனார், படிப்பித்த ஆசிரியர், அயல் வீட்டுப் பட்டதாரி எனப் பலர் கூடியிருப்பர். கணினி விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளையோ பேனாவைக் கையிற் பிடித்தபடி ஒருவர் முகத்தை ஒருவராகப் பார்த்துக்கொண்டிருப்பான். கொழும்பை முதலில் எழுதுவதா, மொறட்டுவையை எழுதுவதா, பேராதனையா, யாழ்ப்பாணமா என்பதே வினா. “பெயர் பெற்ற இடத்தை எழுது” என்பார் ஒருவர். “வீட்டுக்குக் கிட்டிய இடம் போதும்” என்பார் மற்றொருவர். இருவரும் அன்பினாலேயே சொல்கிறார்கள். ஆயினும் அந்தக் கலாபீடங்கள் எவ்வாறு தோன்றின, எந்த வேரிலிருந்து எது கிளைத்தது என்பதை எவரும் பேசுவதில்லை. அந்தச் சரித்திரத்தைச் சிறிது நோக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

பல்கலைக்கழகத்தின் இடத்தைப் பற்றிய வழக்கு நமக்குப் புதியதன்று. 1921 ஆம் ஆண்டிற் கொழும்பிலே இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அங்கே கற்றவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளுக்கே தோற்றினர். நமக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒருமனப்பட்டனர். அது எங்கே அமைய வேண்டும் என்பதில் மட்டும் ஒருமனப்படவில்லை. தலைநகரிலே, நூல்நிலையங்களுக்கும் அலுவலகங்களுக்கும் அண்மையில் இருக்கட்டும் என்றனர் ஒரு சாரார். நகரின் சந்தடிக்கு அப்பால், மாணவர் தங்கிப் படிக்கும் கழகமாக மலைநாட்டில் அமையட்டும் என்றனர் மறுசாரார். இந்த வாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்து, ‘இடப் போர்’ என்றே பெயர் பெற்றது. 1942 இல், கலாநிதி ஐவர் ஜெனிங்ஸ் உபவேந்தராக, இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே பிறந்தது. 1952 இற் பல்கலைக்கழகம் பேராதனை வளவிற் குடியேறியது. ஆகவே, பட்டம் என்பது பாடநூல் மட்டுமன்று, வாழுமிடமும் அதில் ஒரு பங்கு என்ற உண்மையை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

இனிக் கணினிக்கு வருவோம். 1960 களின் பிற்பகுதியிலேதான் அரச பொறியியற் கூட்டுத்தாபனம் போன்ற சில நிறுவனங்களிற் கணினி என்னும் இயந்திரம் நம் நாட்டிற் கால்வைத்தது. அப்போது அதனைத் தனியொரு கல்வித்துறையாக எவரும் கருதவில்லை. ஆகையால் அந்தக் கல்வி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஏற்கெனவே வலிமை பெற்றிருந்த ஒரு துறையின் மடியிலேயே வளர்ந்தது. எந்த மடியில் வளர்ந்ததோ, அந்தக் குணம் அதில் ஊறியது.

கொழும்பிலே அது கணிதத்தின் மடியில் வளர்ந்தது. 1939 இற் பிறந்து 2007 இல் மறைந்த பேராசிரியர் வி. கே. சமரநாயக்க அங்கே கணிதம் கற்பித்தவர். எண்களையும் புள்ளிவிபரங்களையும் கையாண்ட அவருக்குக் கணினி இயல்பான துணையாயிற்று. 1984 இல் அரசாங்கம் அமைத்த கணினி, தகவல் தொழில்நுட்பச் சபையிலும் அவர் தலைமை வகித்தார். 1987 இல், யப்பானிய உதவியோடு, கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழில்நுட்ப நிறுவகம் உருவாயிற்று. 2002 இல் அந்நிறுவகமும் கணினி விஞ்ஞானத் துறையும் ஒன்றிணைந்து கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியாக மலர்ந்தன. கணினி விஞ்ஞானம், தகவல் முறைமைகள் என்னும் இரு பட்டங்களும் இன்று அங்கே தனித்தனியாகக் கற்பிக்கப்படுகின்றன. முன்னையதிற் கணிதமும் கணிப்பின் கோட்பாடும் ஓங்கி நிற்கும். பின்னையதில் நிறுவனங்களின் நிருவாகமும் கலந்திருக்கும். பெயர் ஒத்திருப்பதைக் கண்டு இரண்டும் ஒன்றென மயங்கலாகாது.

மொறட்டுவையிலோ அது பட்டறையின் மடியில் வளர்ந்தது. கட்டுப்பெத்தையில் 1960 இல் அமைந்த செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகமே அதன் வித்து. அது 1966 இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகியது. 1972 இல் பல்கலைக்கழக வளாகமாகியது. 1978 இற் சுதந்திரமான மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1985 இல் அங்கே கணினி விஞ்ஞானம், பொறியியல் என்ற துறை தோன்றியது. கம்பியையும் சுற்றையும் தொட்டுப் பழகிய அந்த மரபு வீண்போகவில்லை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னலின் தொடக்க முயற்சிகளில், 1990 ஐ ஒட்டிய காலத்தில், பேராசிரியர் அபய இந்துருவ முதலிய மொறட்டுவை ஆசிரியர் முன்னின்றனர். நாட்டில் இணையம் வர்த்தக முறையில் 1995 இலே விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னரே பல்கலைக்கழகங்களிடையே மின்னஞ்சல் ஓடத் தொடங்கிவிட்டது. 2001 இல் அங்கே தகவல் தொழில்நுட்பப் பீடமும் தனியாக எழுந்தது.

பேராதனையின் கதை வேறு. நாட்டின் முதற் பொறியியற் பீடம் 1950 இற் கொழும்பிலே தொடங்கி, 1960 களின் நடுப்பகுதியிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. அங்கே கணினிப் பொறியியல் அந்தப் பீடத்தின் ஒரு துறையாகவும், விஞ்ஞான பீடத்திற் கணினி விஞ்ஞானம் புள்ளிவிபரவியலோடு இணைந்த துறையாகவும் அமைந்துள்ளன. தங்கிப் படிக்கும் வாழ்க்கையே அதன் பழம்பெரும் செல்வம்.

நேயர்களே, இவ்விடத்தில் ஒரு கசப்பான அத்தியாயத்தையும் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. தெரிவு செய்வது பற்றிப் பேசுகிறோம். ஆயின் தெரிவு செய்யும் உரிமை எல்லோருக்கும் ஒருபடித்தாக இருந்ததா? 1971 ஆம் ஆண்டு அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுந்தது. 400 புள்ளிகளுக்கு நடைபெற்ற பரீட்சையிற் பேராதனைப் பொறியியற் பீடத்தில் இடம்பெறச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டப்பட்டன. அந்த 23 புள்ளிகள் வெறும் எண்களல்ல. ஒரு தலைமுறையின் நெஞ்சில் விழுந்த வடுக்கள். 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதனால் யாழ்ப்பாணத்துக்கு இடங்கள் சுருங்கின. அதே வேளையிற் பள்ளிக்கூட வசதி குன்றிய வேறு மாவட்டங்களுக்குச் சில இடங்கள் கிடைத்தன என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். அவற்றுள் தமிழ் பேசும் மக்கள் வாழும் மாவட்டங்களும் இருந்தன. மொழிவாரிக் கணக்கு பின்னர் கைவிடப்பட்டது. மாவட்ட முறையோ வடிவம் மாறி நிலைத்தது. 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தாற் பிறந்த மானியங்கள் ஆணைக்குழுவே அனுமதியை நடத்துகிறது. கணினிக் கற்கைநெறிகள் உட்படப் பெரும்பாலானவற்றில் நூற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற பங்கீடு பல்லாண்டாக வழங்கி வருகின்றது.

யாழ்ப்பாணத்துக்கு வருவோம். கணிதக் கல்வி அம்மண்ணுக்கு அந்நியமன்று. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிற் கணிதமும் வானசாத்திரமும் ஓங்கி விளங்கின. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் அங்கே பயின்றவர்களே. பின்னவர் தமிழில் வீசகணித நூல் யாத்தவர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் கட்டிடங்கள் அதற்கு மனையாயின. வட்டுக்கோட்டையிலும் அதன் விஞ்ஞான வகுப்புகள் நடைபெற்றன. பேராசிரியர் க. கைலாசபதி முதற் றலைவராக விளங்கினார். 1979 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயிற்று.

அங்கே கணினி விஞ்ஞானத் துறை தோன்றிய ஆண்டு 1991. அந்த ஆண்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1990 இற் போர் மீண்டும் மூண்ட பின்னர், குடாநாட்டுக்குத் தேசிய மின்வலையின் மின்சாரம் அற்றுப் போயிருந்தது. எரிபொருளுக்குக் கட்டுப்பாடு, மின்கலத்துக்கும் கட்டுப்பாடு. விளக்கெரிக்கவே வழி தேடிய ஊரிலே, மின்சாரமின்றி ஒரு கணமும் இயங்காத இயந்திரத்தைக் கற்பிக்க ஒரு துறையைத் தொடங்கினர்! 1995 இல் யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தது; பல்கலைக்கழகமும் அந்தத் துயரிற் பங்குகொண்டது. ஆயினும் துறை அழியவில்லை. போர் ஓய்ந்த பின்னர் கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியற் பீடமும், அதிற் கணினிப் பொறியியற் றுறையும் உருவாயின. வவுனியா வளாகம் 2021 இற் றனிப் பல்கலைக்கழகமாகியது. கிழக்கிலே திருகோணமலை வளாகத்திலும் கணினி விஞ்ஞானம் கற்கலாம். “யாழ்ப்பாணந்தானே” என்று உதட்டைப் பிதுக்குவோர் இந்தச் சரித்திரத்தை அறியாதவர்களே.

இதனால் எல்லோரும் யாழ்ப்பாணத்தையே எழுதுங்கள் என்று யான் சொல்லவரவில்லை. பற்று ஒன்று, தெரிவு மற்றொன்று. சரித்திரம் நமக்குக் கற்பிப்பது மூன்று கேள்விகளைத்தான்.

முதலாவது, பிள்ளையின் மனம் எதை நாடுகிறது? எண்ணத்திலும் நிறுவலிலும் இன்பம் காண்பவனுக்குக் கணிதத்தின் மடியில் வளர்ந்த துறை பொருந்தும். பொருளைப் பிரித்துப் பார்த்துப் பூட்ட விரும்புகிறவனுக்குப் பட்டறையின் மடியில் வளர்ந்த துறை பொருந்தும். பொறியியற் பீடத்தினூடாகக் கணினியை நாடுவோர் ஒன்றை மறக்கலாகாது. பீடத்துள் நுழைந்தவுடன் கணினித் துறை கைக்கு வருவதில்லை. தொடக்கக் காலப் பெறுபேறுகளைக் கொண்டே அங்கே துறை பிரிக்கப்படுவது வழக்கம். விஞ்ஞான பீடங்களில் மூன்றாண்டுப் பட்டமா, நான்காண்டுச் சிறப்புப் பட்டமா என்பதையும் விசாரித்தறிய வேண்டும்.

இரண்டாவது, எந்தச் சூழலில் அவன் நன்றாகக் கற்பான்? அரசாங்கப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தற் கட்டணம் இல்லை. 1981 இல் அமைந்த மகாபொல நிதியமும் பலருக்குக் கைகொடுக்கிறது. ஆயினும் கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் பெற்றோரின் தோளில் விழும் சுமைகளே. அங்கே கணினி நிறுவனங்கள் அண்மையிலுள்ளன. பயிற்சியும் வேலையும் கைக்கெட்டும். இங்கே வீட்டுச் சோறும் மன அமைதியும் உண்டு. பாடம் எங்கும் ஆங்கிலத்திலேயே நடைபெறும் என்பதால், முதலாண்டில் திணறும் பிள்ளைக்கு அருகில் யார் துணை நிற்பார் என்பதும் சிறு கேள்வியன்று.

மூன்றாவது, விண்ணப்பத்தில் எழுதும் வரிசை. “இது கிடைக்காது, ஆகையால் முதலில் எழுதாதே” என்னும் அறிவுரையாற் கெட்டவர் பலர். பிள்ளையின் வெட்டுப்புள்ளிக்கு உட்பட்டவற்றுள் வரிசையில் முந்தி நிற்பதே அவனுக்குக் கிடைக்கும். உயர்ந்ததை முதலில் எழுதுவதாற் பின்னுள்ளது பறிபோகாது. ஆகையால் ஊகத்தின் வரிசையை விட்டு விருப்பத்தின் வரிசையை எழுதுக. விரும்பாத ஒன்றை ஊராரின் வாய்க்காக முன்னே எழுதினால், அதுவே கிடைத்துவிடும்!

எந்த வாயிலும் திறவாதுபோனால் என் செய்வது என்று கேட்கும் தாய்மாரும் இருப்பர். 1921 இற் கொழும்பிற் படித்தவர்கள் இலண்டன் பரீட்சைக்கே தோற்றினர் என்று முன்னர் சொன்னேன் அன்றோ? அந்த வெளிவாரி மரபு இன்றும் உண்டு. 2000 ஆம் ஆண்டிற் கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்பத்தில் வெளிவாரிப் பட்டமொன்றைத் தொடங்கியது. வேலை செய்துகொண்டே அதனைக் கற்று முன்னேறியோர் நம்மிடையே உள்ளனர்.

வெளிச்சம் நிறைந்த கூடத்திலிருந்தும் கணினி கற்றவர்கள் வந்தார்கள். மின்சாரமற்ற ஊரிலிருந்தும் வந்தார்கள். ஆகையாற் பெற்றோரே, இன்றிரவு அந்தக் கைந்நூலைப் பிள்ளையின் கையிற் கொடுங்கள். நீங்கள் அறிந்ததை அன்போடு சொல்லுங்கள். பின்னர் முதலாம் வரியை அவனோ அவளோ எழுதட்டும்.