சுற்றுலாவும் கார்பன் மோனாக்சைடு நச்சும்: பயணிகள் அறிய வேண்டியவை

தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் அறையைச் சூடேற்றும் பழக்கம் இல்லை. விடுமுறைக்குக் கொடைக்கானல், உதகை செல்லும்போதுதான் பலர் கடுங்குளிரை உணர்கின்றனர். அங்குக் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டுத் தணலை அறைக்குள் வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னுமிடத்தில், விடுதி அறையில் எரிவாயு ஹீட்டரை இயக்கி உறங்கிய கேரளப் பயணிகள் 8 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 4 பேர் குழந்தைகள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இருவர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் ஜெனரேட்டர் புகை புகுந்து இருவர் மாண்டனர்.

கார்பன் மோனாக்சைடு என்பது என்ன?

கரி, விறகு, எரிவாயு, பெட்ரோல், டீசல் ஆகியவை போதிய காற்றின்றி எரியும்போது உண்டாகும் வாயு இது. இதற்கு நிறமோ மணமோ இல்லை. புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் தணலும் இதனை மிகுதியாக வெளியிடும். எனவே, “புகையே இல்லையே” என்று எண்ணி அடுப்பை உள்ளே எடுத்துச் செல்வதே பெரும் தவறு. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுடன் இவ்வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் இணைகிறது. அதனால் மூளைக்கும் இதயத்திற்கும் ஆக்சிஜன் கிடைப்பது குறைகிறது.

அறிகுறிகள்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு, மனக்குழப்பம், நெஞ்சுவலி, மயக்கம். இவற்றைப் பயணக் களைப்பு என்றோ உணவு ஒவ்வாமை என்றோ கருதிப் படுத்துவிடுவோர் உண்டு. ஒரே அறையில் உள்ள பலருக்கும் ஒருசேரத் தலைவலி வந்து, வெளியே வந்ததும் அது குறைந்தால், இந்நச்சையே முதலில் ஐயுற வேண்டும். உறக்கத்தில் இருப்பவருக்கு அறிகுறி தெரியாமலே உயிர் பிரியலாம். கர்ப்பிணிகள், கருவிலுள்ள சிசு, குழந்தைகள், முதியோர், இதய நோயாளிகள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

தற்காப்பு

• அறை, கூடாரம், கேரவன் எதற்குள்ளும் கரியடுப்பு, பார்பிக்யூ அடுப்பு, ஜெனரேட்டர் வைக்கக் கூடாது. குளிருக்குக் கூடுதல் கம்பளி கேட்டுப் பெறவும்.
• குளியலறையில் எரிவாயு கீசர் இருந்தால், காற்றோட்டம் உள்ளதா எனப் பார்த்த பின்னரே பயன்படுத்தவும்.
• நிறுத்திய காரில் இயந்திரத்தை ஓடவிட்டு, ஏசியில் உறங்க வேண்டாம்.
• கடலுக்குள் முக்குளிப்போர், காற்று நிரப்பும் கம்ப்ரசரின் உறிஞ்சுகுழாய் இயந்திரப் புகைக்கு அருகில் இல்லை என்பதை உறுதிசெய்யவும். புகை கலந்த காற்றே மூச்சுக்குழாய் வழியாக வந்து சேரும்.
• பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை உடன் எடுத்துச் செல்வது நன்று.

மூக்கில் கட்டும் துணியோ சாதாரண முகக்கவசமோ இவ்வாயுவைத் தடுக்காது. அறையில் வைக்கும் தண்ணீர்ப் பாத்திரமும் இதனை அகற்றாது.

பாதிப்பு ஏற்பட்டால்

அனைவரும் உடனே திறந்த வெளிக்கு வர வேண்டும். மயங்கியவரை மீட்கச் செல்பவர் முதலில் கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு, உள்ளே நிற்காமல் விரைந்து வெளியேற வேண்டும். 108-ஐ அழைக்கவும். மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர் வெளியே வைத்து இதய இயக்க மீட்பு முதலுதவியைத் தொடங்கலாம்.

மருத்துவமனையில், “அறையில் கரி எரிந்தது” என்பதை முதலிலேயே தெரிவிக்கவும். விரலில் பொருத்தும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்நச்சைப் பிரித்தறியாமல் இயல்பான அளவையே காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனையே உண்மையைக் காட்டும். இரத்தத்தில் சேர்ந்த நச்சு பாதியாகக் குறைய, சாதாரணக் காற்றில் 4 முதல் 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ 1 முதல் 1½ மணி நேரம் போதும். ஆகவே, தலைவலி குறைந்துவிட்டது என்று சிகிச்சையைத் தவிர்க்கக் கூடாது. குணமடைந்த சில நாள்கள் அல்லது வாரங்களுக்குப் பின்னரும் மறதி, நடைத் தடுமாற்றம் தோன்றினால் மீண்டும் மருத்துவரை அணுகவும்.