அந்திக்குப் பின் எரிந்த எழுத்துகள்

கவிதை பேசக் கூடும் ஒரு வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், கடைப் பெயர்ப்பலகைகளைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் கடந்து செல்பவன் ஒரே பார்வையில் படித்து முடிக்க வேண்டிய எழுத்து, பெயர்ப்பலகையின் எழுத்து. அதில் மிகைச்சொல்லுக்கு இடமில்லை. சொற்சிக்கனத்தைப் போற்றும் நமக்கு அந்த எழுத்தின் வரலாறு அயலானதன்று. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள இல்லினாய்ஸ் மாநிலத்தின் சாலையோரப் பலகைகளை இங்கே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

சிகாகோ நகரையும் கலிபோர்னியாவையும் இணைக்கும் 66-ஆம் எண் நெடுஞ்சாலை 1926-இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,400 மைல் நீண்ட அச்சாலையில் சுமார் 300 மைல் இல்லினாய்ஸுக்கு உரியது. ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட தம் நாவலில் அதனைத் தாய்ச்சாலை என்றார், அப்பெயர் நிலைத்தது. சோளக்காடுகளின் நடுவே சிற்றூர்களைக் கோத்துச் சென்ற அச்சாலையில் உணவகங்களும் பெட்ரோல் நிலையங்களும் தங்கும் விடுதிகளும் எழுந்தன. பகலில் வண்ணப்பூச்சும் இரவில் நியான் விளக்கும் அவற்றின் குரலாயின.

நியான் வாயுவை வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் 1898-இல் இலண்டனில் கண்டறிந்தனர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குப் புதியது என்பது பொருள். பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் குளோட், 1910-இல் பாரிஸ் மோட்டார் வாகனக் கண்காட்சியில் நியான் விளக்கைப் பொதுமக்களுக்குக் காட்டினார். 1915-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். எனினும் ஒவ்வொரு பலகையும் கைவினைஞரின் ஆக்கமாகவே இருந்தது. கண்ணாடிக் குழாயைத் தீச்சுடரில் இளக்கி, அது வளையும் இடத்தில் ஒடுங்கிவிடாமல் இரப்பர்க் குழல் வழியே வாயால் ஊதிக்கொண்டே, வரைபடத்தின்மேல் வைத்து எழுத்தாக வளைப்பர். காற்றை வெளியேற்றிக் குழாயைத் தூய்மை செய்தபின் வாயுவை நிரப்புவர். நியான் செம்மஞ்சளாய் எரியும். ஆர்கானுடன் துளிப் பாதரசம் சேர்ந்தால் நீலம் பிறக்கும்.

இத்தொழிலில் கவிஞர்கள் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பல எழுத்துகளைப் பெரும்பாலும் ஒரே குழாயால் எழுதுவதால், ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குச் செல்லும் துண்டும் எரியும். அதனால் சொல் குழம்பும். ஆகவே அத்துண்டுகளின்மேல் கறுப்பு வண்ணம் பூசிவிடுவர். அங்கும் ஒளி உண்டு. ஆயினும் நாம் காண்பதில்லை. நாம் படிக்கும் சொல், மறைக்கப்பட்ட ஒளியாலும் ஆனது.

இல்லினாய்ஸில் இவ்வகைப் பலகைகள் பல இன்றும் பேசப்படுகின்றன. சிகாகோவின் ஜாக்சன் சாலையில் லூ மிச்சல்ஸ் உணவகம் தன் காப்பியே உலகில் தலைசிறந்தது என்று நியான் எழுத்தில் அறிவிக்கிறது. மிச்சல் என்ற சிற்றூரில் லூனா கபேயின் பலகையில் மதுக்கிண்ணம் ஒன்று ஒளிர்கிறது. கயூகா அருகே ஒரு களஞ்சியத்தின் சுவர், அண்டை மாநிலமான மிசௌரியின் மெராமெக் குகைகளுக்கு வழிப்போக்கரை அழைக்கிறது. வில்மிங்டனில் 1965-இல் நிறுவப்பட்ட, கண்ணாடியிழையாலான ஜெமினி அரக்கன் தலைக்கவசம் அணிந்து, கையில் ராக்கெட்டை ஏந்தி நிற்கிறான். விண்வெளித் திட்டத்தின் பெயரையே ஓர் உணவகம் தன் பலகையாக்கிக்கொண்டதன் சின்னம் அவன்.

இவற்றைக் காணும்போது வரவேற்பே உருவெடுத்ததாக நமக்குத் தோன்றும். களைத்து வருபவனுக்கு இங்கே உணவு உண்டு, படுக்கை உண்டு என்று இருளில் உரைக்கும் எழுத்தைவிட இனியது எது? ஆனால் அதே மாநிலத்தில் வேறொரு வகைப் பலகையும் இருந்தது. அதனைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுபெறாது.

ஊர் எல்லையில் நின்ற அப்பலகைகள் கறுப்பின மக்களைச் சுட்டி, பொழுது சாயுமுன் ஊரைவிட்டு நீங்குமாறு எச்சரித்தன. அத்தகைய ஊர்கள் அந்தி ஊர்கள் எனப்பட்டன. இல்லினாய்ஸின் டெகாட்டர் நகரில் 1942-இல் பிறந்த சமூகவியல் அறிஞர் ஜேம்ஸ் லோவென் இவற்றை ஆராய்ந்து 2005-இல் நூலாக்கினார். தம் மாநிலத்தில் பத்து ஊர்கள் தேறக்கூடும் என்று எண்ணித் தொடங்கியவர் நூற்றுக்கணக்கான ஊர்களைக் கண்டார். எல்லா ஊரிலும் பலகை இருந்ததில்லை. பல இடங்களில் வழக்கமே பலகையின் வேலையைச் செய்தது. 1930-களில் 66-ஆம் சாலை கடந்து சென்ற 89 மாவட்டங்களில் 44 இத்தகையனவே என்று கேண்டசி டெய்லர் எழுதியிருக்கிறார்.

ஆக, அந்தி என்னும் ஒரே பொழுதில் இருவகைப் பலகைகள் உயிர்பெற்றன. ஒன்று, பொழுது சாய்ந்ததும் எரிந்து வருக என்றது. மற்றது, பொழுது சாயுமுன் போ என்றது. முன்னதன் அழகைப் பின்னதை அறியாமல் மதிப்பிட இயலாது.

விடுதிப் பலகைகளில் அறை காலி என்று பொருள்படும் சொல்லுக்கு முன்னே, இல்லை என்னும் மறுப்புச் சொல் தனிக் குழாயாக இருக்கும். அறைகள் நிரம்பியதும் அதை ஏற்றுவர். இடமிருக்கும்வரை அணைத்து வைப்பர். அக்குழாய் அணைந்திருந்த இரவுகளிலும் கறுப்பினப் பயணிகள் பல விடுதி வாசல்களில் இடமில்லை என்ற விடையைப் பெற்றுத் திரும்பினர். பலகையில் எரியாத சொல் அவர்களுக்கு மட்டும் எரிந்தது.

அவர்களுக்கு வேறொரு வழிகாட்டி தேவைப்பட்டது. நியூயார்க் ஹார்லெமில் வாழ்ந்த அஞ்சல் ஊழியரான விக்டர் ஹியூகோ கிரீன் 1936-இல் அதனை வெளியிடத் தொடங்கினார். பசுமை நூல் எனத் தக்க அக்கையேடு, கறுப்பினத்தவரை ஏற்கும் இடங்களின் முகவரிகளைத் தொகுத்துத் தந்தது. இல்லினாய்ஸ் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் அது காட்டிய இடங்களுள் பல, பயணிகளைத் தங்கவைத்த குடும்ப இல்லங்கள். அங்கே அழைத்துச் சென்றது நியான் ஒளியன்று. அச்சிட்ட ஒற்றை வரி.

ஸ்பிரிங்ஃபீல்டு ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த ஊர். அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது. அவ்வூரிலேயே 1908 ஆகஸ்டில் வெள்ளையர் கும்பலொன்று கறுப்பினத்தவரின் வீடுகளையும் கடைகளையும் எரித்து, இருவரைத் தூக்கிலிட்டுக் கொன்றது. அக்கொடுமை எழுப்பிய அதிர்ச்சியிலிருந்து 1909-இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் தோன்றியது. பின்னாளில் 66-ஆம் சாலை இந்நகரின் ஊடாகவே சென்றது.

விடுதிகளிலும் உணவகங்களிலும் இனப்பாகுபாட்டை 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தடைசெய்தது. மறு ஆண்டே நெடுஞ்சாலை அழகூட்டுச் சட்டம் வந்து, சாலையோர விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியது. வரவேற்புச் சொல் எல்லோருக்கும் உரியதென்று சட்டம் உரைத்த அதே காலத்தில், அதனை எழுதிய பலகைகளின் பொற்காலம் முடிவை நெருங்கியது. 55-ஆம் எண் விரைவுச் சாலை சிற்றூர்களை விலக்கிச் சென்றது. நியானின் இடத்தை, உள்ளிருந்து ஒளியூட்டப்பட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் பிடித்தன. 1985-இல் 66 என்ற எண்ணே தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பின்னர் மீட்புப் பணி தொடங்கிற்று. 1999-இல் நிறைவேறிய கூட்டரசுச் சட்டம் ஒன்று இச்சாலையின் சின்னங்களைக் காக்க நிதியுதவிக்கு வழிவகுத்தது. அணைந்திருந்த பலகைகள் சில மீண்டும் எரிந்தன. பாண்டியாக் நகரில் அருங்காட்சியகம் அமைந்தது. சுவர் விளம்பர ஓவியர்கள் 2009-இல் அவ்வூரில் கூடி, அதன் சுவர்களில் பதினெட்டு ஓவியங்களைத் தீட்டினர். 2024 மார்ச்சில் ஏலத்துக்கு வந்த ஜெமினி அரக்கனை ஜோலியட் வட்டார வரலாற்று அருங்காட்சியகம் 2,75,000 டாலருக்கு வாங்கி, அவ்வாண்டிலேயே வில்மிங்டன் பூங்காவில் நிறுத்தியது.

அந்தி ஊர்களின் எல்லைப் பலகைகளுக்கோ ஏலமில்லை. அவற்றை மீட்க முனைந்தோரும் இல்லை. அவற்றை நாட்டியவர்களே சத்தமின்றி அகற்றிவிட்டனர். முதியோரின் நினைவிலிருந்தும் பழைய செய்தித்தாள்களிலிருந்துமே லோவென் அவற்றின் வரலாற்றைத் திரட்ட வேண்டியிருந்தது. ஆயினும் மௌனம் முழுமையாக வெல்லவில்லை. 2024 ஆகஸ்டில் ஸ்பிரிங்ஃபீல்டு கலவரம் நடந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அரக்கன் மீண்டும் எழுந்து நின்ற அதே ஆண்டில், எரிக்கப்பட்ட வீடுகளுக்கும் ஒரு பெயர்ப்பலகை உரியதாயிற்று.

பழைய நியானை நேசிப்பது பிழையன்று. குழாயில் மூச்சை ஊதி எழுத்தை வளைத்த கைவினைஞரின் உழைப்பு நம் வணக்கத்துக்குரியது. ஆனால் அழகை மட்டும் மீட்டெடுக்கும் நினைவு பாதி நினைவே. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே கறுப்பு பூசி மறைக்கப்பட்ட துண்டிலும் ஒளி ஓடிக்கொண்டிருக்கிறது. அது அறுந்தால் சொல்லும் அணைந்துவிடும். வரவேற்பை எழுதுகிற எவரும், அதைப் படிக்க முடியாமல் இருளில் கடந்துபோனவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லைத் தொழிலாகக் கொண்ட நமக்கும் அக்கேள்வி உரியதே.